குளிர் தாங்காமல் இங்கிலாந்துக்கு வரும் பறவைகள்

வலசை என்றதும் நமக்குத் தெரிந்த படம் ஒன்றுதான். வடக்கே பனி விழத் தொடங்கியதும் பறவைகள் கிளம்பிக் கோடியக்கரைக்கும் பள்ளிக்கரணைக்கும் வந்து சேரும். இங்கே வெயில் ஏறியதும் திரும்பிப் போய்விடும். இந்தக் கணக்கில் பார்த்தால் இங்கிலாந்து என்பது பறவைகள் காலி செய்துவிட்டுப் போகிற ஊராகத்தான் இருக்க வேண்டும். அது பாதிதான் சரி. காதும் விரலும் மரத்துப்போகும் ஜனவரியில் இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்குப் போனால், கோடையில் அங்கே பார்த்ததைவிடப் பல மடங்கு பறவைகள் சேற்றிலும் வயலிலும் மேய்ந்துகொண்டிருக்கும். குளிருக்குப் பயந்து அங்கே ஒதுங்கியவை அவை.

இதைப் புரிந்துகொள்ள நார்ஃபோக்கைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. வட கடலுக்குள் புடைத்துக்கொண்டிருக்கும் ஒரு கவுண்டி அது. நம் ஊர்க் கணக்கில் ஒரு மாவட்டம். மேற்கே 'வாஷ்' என்னும் பரந்த சேற்று விரிகுடா. வடக்கே உப்புச் சதுப்பும் கூழாங்கல் திட்டுகளும். கிழக்கே நாணல் சூழ்ந்த ஏரிகள். தெற்கே பிரெக்லாந்து என்னும் மணற்பாங்கான வறண்ட பூமி. இத்தனை விதமான நிலம் ஒரே மாவட்டத்துக்குள் அமைந்திருப்பதால் பறவைகளும் அத்தனை விதம். பிரிட்டனில் ஒரு கவுண்டிக்கென்று தொடங்கப்பட்ட முதல் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையும் இங்கேதான் பிறந்தது. கிளே என்ற கிராமத்துச் சதுப்பு நிலத்தை வாங்கிப் பறவைகளுக்கென்றே வைத்திருக்க வேண்டும் என்று 1926ல் சிலர் கூடி ஆரம்பித்தார்கள். அந்தச் சதுப்பு இன்றும் அப்படியே இருக்கிறது.

வடக்கா, தெற்கா?

எந்தப் பறவைக் கையேட்டைத் திறந்தாலும் நான்கு வகை சொல்லியிருப்பார்கள். ஆண்டு முழுக்க இருப்பவை, கோடையில் வந்து குஞ்சு பொரித்துவிட்டுப் போகிறவை, குளிர்காலத்தைக் கழிக்க வருகிறவை, வேறெங்கோ போகிற வழியில் சில நாள் தங்கி இரை தேடுகிறவை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எந்தப் பறவை எந்த வகை என்று மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள். அவ்வளவு சிரமப்பட வேண்டாம். ஒவ்வொரு பறவையைப் பார்த்தும் ஒரே கேள்வி கேட்டால் போதும்: இதற்கு நார்ஃபோக் வடக்கா, தெற்கா?

ஆப்பிரிக்காவிலிருந்து வருகிற தகைவிலானுக்கு நார்ஃபோக் வடக்கு. ஜூன் மாதத்தில் அங்கே 16 மணி நேரத்துக்கும் மேல் பகல் இருக்கும். பூச்சிகளுக்குப் பஞ்சமில்லை. பசியெடுத்த நான்கைந்து வாய்களுக்கு இரை தேடிக் கொடுக்க அதிக நேரம் கிடைக்கிறது. பிள்ளை வளர்க்க அதைவிட என்ன வேண்டும்? ஆனால் டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்கூட நீடிக்காது, பறக்கும் பூச்சியும் கிடைக்காது. அதனால் செப்டம்பருக்குள் கிளம்பிவிடுகிறது.

சைபீரியாவிலோ கிரீன்லாந்திலோ பிறந்த வாத்துக்கு இதே நார்ஃபோக் தெற்கு. பிறந்த ஊரில் நிலமும் நீரும் கெட்டியாக உறைந்துவிடும். நார்ஃபோக்கிலோ அட்லாண்டிக் கடலின் வெப்பத்தை மேலைக்காற்று கொண்டுவந்து சேர்ப்பதால் கடற்கரைச் சேறு பெரும்பாலும் உறைவதில்லை. நார்ஃபோக்கின் தலைநகரான நார்விச்சும் சைபீரியாவின் இர்குட்ஸ்கும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில்தான் இருக்கின்றன. ஜனவரியில் இர்குட்ஸ்க் உறைநிலைக்குக் கீழே 15 பாகையையும் தாண்டி இறங்கும். நார்விச்சில் பகல் நேரம் பெரும்பாலும் உறைநிலைக்கு மேலேதான் இருக்கும். அலகு உள்ளே இறங்கும் அளவுக்குச் சேறு மெத்தென்று இருந்தால் போதும், புழுவும் சிப்பியும் கிடைத்துவிடும். பறவையை விரட்டுவது குளிரைவிடப் பசிதான்.

குளிர்காலம்: வாத்துகளின் ராஜ்யம்

செப்டம்பர் நடுவில், ஒரு நாள் காலை, மிக உயரத்திலிருந்து ஒரு கலகலப்புச் சத்தம் கேட்கும். அண்ணாந்து பார்த்தால் நீண்ட கோடுகளாகவும் கோணல்மாணலான அம்பு வடிவங்களாகவும் வாத்துகள். ஐஸ்லாந்திலும் கிரீன்லாந்திலும் குஞ்சு பொரித்துவிட்டு வருகிற இளஞ்சிவப்புக் கால் வாத்துகள் அவை. நவம்பர், டிசம்பர் வாக்கில் நார்ஃபோக்கில் இவை பல்லாயிரக்கணக்கில் சேர்ந்திருக்கும்.

இவற்றின் அன்றாடம் மிக ஒழுங்கானது. இரவில் நரி நெருங்க முடியாத சேற்றுப் பரப்பிலும் சதுப்பிலும் தங்கும். விடியும் நேரத்தில் கூட்டம் கூட்டமாக எழுந்து உள்நாட்டு வயல்களுக்குப் பறக்கும். அங்கே என்ன இருக்கிறது? சர்க்கரைவள்ளி இல்லை, சர்க்கரைக் கிழங்கு. பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த வெள்ளைக் கிழங்கு அது. அதிலிருந்து சர்க்கரை எடுக்கிறார்கள். நார்ஃபோக்கின் கான்ட்லி கிராமத்தில் 1912லேயே அதற்கான ஆலை வந்துவிட்டது. இலையுதிர்காலம் தொடங்கிக் குளிர்காலம் வரை அறுவடை நடக்கும். கிழங்கை எடுக்கும்போது இலையையும் கொண்டையையும் வெட்டி வயலிலேயே போட்டுவிடுவார்கள். அந்த மிச்சத்தைத் தின்னத்தான் வாத்துகள் இறங்குகின்றன. விவசாயிக்கு நட்டமில்லை, வாத்துக்குக் கொழுப்பு. அறுவடை முடிந்த கையோடு வயலை உழுதுவிட்டால் மட்டும் வாத்துகளுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஒரு விவசாயி எந்த வாரம் டிராக்டரை இறக்குகிறார் என்பதில் ஐஸ்லாந்து வாத்துகளின் சாப்பாடு அடங்கியிருக்கிறது. நல்ல நிலவொளி உள்ள இரவுகளில் இவை சேற்றுக்குத் திரும்பாமல் வயலிலேயே மேய்வதும் உண்டு. ஆகவே பௌர்ணமியை ஒட்டிய விடியலில் கடற்கரையில் போய் நின்றால் ஏமாற்றம்தான் கிடைக்கும்.

இன்னொரு வாத்து, பிரென்ட். உருவத்தில் சிறியது, கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. சைபீரியாவின் வட கோடியில் உள்ள டைமிர் தீபகற்பத்திலிருந்து வருகிறது. வடக்குக் கரையில் சாலையோரப் புல்வெளிகளில்கூட மேயும், அதிகம் மிரளாது. தொடங்குபவர்கள் தொலைநோக்கியோடு பொறுமையாக உட்கார இதைவிட நல்ல பறவை இல்லை. ஒரு வாத்தின் மூடிய சிறகைக் கவனித்துப் பாருங்கள். வளர்ந்த வாத்து என்றால் சிறகு ஒரே கருஞ்சாம்பல், கழுத்தின் இருபுறமும் ஒரு சின்ன வெள்ளைக் கீற்று. அந்த ஆண்டு பிறந்தது என்றால் சிறகின் குறுக்கே அடுக்கடுக்காக மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடும். கழுத்தில் வெள்ளை சரியாக வந்திருக்காது. குளிர்காலம் முழுக்கக் குஞ்சுகள் தாய் தகப்பனை விட்டுப் பிரிவதில்லை என்பதால், கோடு போட்ட இரண்டு மூன்று பறவைகளும் கோடில்லாத இரண்டும் ஒட்டி ஒட்டி மேய்ந்தால் அது ஒரு குடும்பம்.

சில ஆண்டுகளில் கூட்டத்தில் எங்கு பார்த்தாலும் கோடு போட்ட சிறகுகளாக இருக்கும். சில ஆண்டுகளில் தேடினாலும் கிடைக்காது. காரணம் சைபீரியாவில் இருக்கிறது. அங்கே லெம்மிங் என்னும் எலி போன்ற சிறு பிராணி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏராளமாகப் பெருகும், பிறகு சரிந்துவிடும். லெம்மிங் நிறைய இருந்தால் பனி நரிக்கு அதுவே போதும். லெம்மிங் இல்லாத ஆண்டில் நரி வாத்தின் முட்டையையும் குஞ்சையும் தேடிப் போகும். அதன் விளைவு சில மாதம் கழித்து நார்ஃபோக்கின் புல்வெளியில் தெரிகிறது. நீங்கள் பார்த்தே இராத ஒரு துந்திர நிலத்தில் அந்த ஆண்டு எலி பெருகியதா இல்லையா என்பதை, ஒரு பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே ஊகிக்க முடிகிறது. பறவை பார்ப்பதில் எனக்கு இவ்வளவு பிடித்த விஷயம் வேறில்லை.

வாஷ் விரிகுடாவின் கரையில் ஸ்னெட்டிஷாம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 'நாட்' என்னும் உள்ளான் வகைப் பறவையைப் பார்க்க உலகெங்கிலும் இருந்து வருகிறார்கள். கையடக்கமான சாம்பல் நிறப் பறவை, எடை 140 கிராம் வாக்கில் இருக்கும். கிரீன்லாந்திலும் கனடாவின் வட கிழக்குத் தீவுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு வந்து, நீர் வற்றிய சேற்றில் சிறு சிப்பிகளைத் தின்னும். ஒரே கூட்டத்தில் ஒரு லட்சம் சேர்வதும் உண்டு. சாதாரண நாளில் அவை எங்கோ தொலைவில் சேற்றில் புள்ளி புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான். கடல் மிக உயரமாகப் பொங்கும் நாளில் கதையே வேறு. நீர் ஏற ஏற மேய்ச்சல் சேறு சுருங்கும், பறவைகள் கரையை நோக்கித் தள்ளப்படும், கடைசித் துண்டுச் சேறும் மூழ்கும்போது அத்தனையும் ஒரே சமயத்தில் எழும்பும். தலைக்கு மேல் போகும்போது கேட்பது குரல் அல்ல, சிறகோசை. பிறகு கரைக்குப் பின்னால் உள்ள குளங்களின் திட்டுகளில் இடைவெளியே இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு நின்று, நீர் வடியும் வரை தூங்கும்.

நம் நீர்நிலைகளுக்கும் வருகிற நாமத்தலை வாத்தும் ஊசிவால் வாத்தும் இங்கே குளிர்காலத்தில் சாதாரணம். வெல்னி என்ற இடத்தில், 17ஆம் நூற்றாண்டில் சதுப்பை வடிக்க வெட்டிய கால்வாய்களுக்கு நடுவே வெள்ளம் தேங்கும் புல்வெளியில், ஐஸ்லாந்திலிருந்து வரும் ஹூப்பர் அன்னங்கள் ஆயிரக்கணக்கில் தங்குகின்றன.

ஆண்டு முழுக்க இருக்கிறதாகத் தோன்றுபவை

ராபின், பிளாக்பேர்ட் போன்ற தோட்டத்துப் பறவைகளை உள்ளூர்வாசிகள் என்று கையேடு சொல்லும். இனத்தைப் பொறுத்தவரை சரிதான். தனித்தனிப் பறவையைப் பொறுத்தவரை அது அவ்வளவு நேர் அல்ல. ஜனவரியில் புல்தரையில் புழு இழுக்கும் பிளாக்பேர்ட் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்ததாக இருக்கலாம். ஏப்ரலில் அதே இடத்தில் பாடுவது பக்கத்துத் தெருவில் பிறந்ததாக இருக்கலாம்.

இதற்கு மிகத் தெளிவான சான்று பிளாக்கேப் என்னும் கதிர்க்குருவி. ஆணுக்குத் தலையில் கறுப்புத் தொப்பி. கோடையில் நார்ஃபோக்கின் புதர்களில் பாடுகிற பிளாக்கேப்புகள் இலையுதிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கம் போய்விடும். அப்படியானால் குளிர்காலத்தில் அதே தோட்டத்தில் தொங்கவிட்ட தீனியைக் கொத்துவது யார்? அவை ஜெர்மனி போன்ற மத்திய ஐரோப்பிய நாடுகளில் பிறந்தவை, வடமேற்காகப் பறந்து பிரிட்டனுக்கு வந்தவை. எந்தத் திசையில் பறக்க வேண்டும் என்பது பெருமளவுக்குப் பிறவியிலேயே வருகிறது என்பதைக் கூண்டில் வளர்த்த பிளாக்கேப்புகளைக் கொண்டே ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிரிட்டிஷ்காரர்கள் தோட்டத்தில் பறவைத் தீனி வைக்கத் தொடங்கியது இந்தப் புதுத் திசைக்குத் துணைபுரிந்திருக்கிறது.

இளவேனில்: நாணலுக்குள் நடப்பவை

மார்ச் நடுவில் சிஃப்சாஃப் என்ற சின்னக் கதிர்க்குருவி வந்து, தன் பெயரையே இரண்டு சுரமாக அலுக்காமல் சொல்லிக்கொண்டிருக்கும். ஏப்ரலில் தகைவிலானும் குயிலும், மே தொடக்கத்தில் உழவாரனும் வரும். இவை வருகிற வரிசை ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறாது.

ஆனால் இந்தப் பருவத்தில் போக வேண்டிய இடம் கிழக்கே உள்ள ஏரிகள். அவற்றை 'பிராட்ஸ்' என்கிறார்கள். அவை இயற்கையான ஏரிகள் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். இடைக்காலத்தில் எரிபொருளுக்காகக் கரிமண் வெட்டி எடுத்த பள்ளங்களில் நீர் ஏறியதால் உண்டானவை என்று 1950களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியலாளர் நிறுவினார். மனிதன் வெட்டிய பள்ளம் நாணல் காடாகி, இன்று அரிய பறவைகளின் வீடாக இருக்கிறது.

அங்கே விடியற்காலையில் ஊதல் போல ஆழமான ஒரு முழக்கம் கேட்கும். பெருங்குருகின் ஆண் பெண்ணை அழைக்கிறது. காற்றில்லாத நாளில் சில கிலோமீட்டர் தொலைவுக்குக் கேட்கும், ஆனால் பறவை கண்ணில் படாது. நாணலின் நிறமே உடம்பின் நிறம், அலகை வானத்துக்குத் தூக்கி அசையாமல் நின்றுவிடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பறவை பிரிட்டனில் கூடு கட்டுவதே நின்றுபோயிருந்தது. 1911ல் எம்மா டர்னர் என்ற புகைப்படக் கலைஞர் ஹிக்லிங் ஏரிப் பக்கம் ஒரு குருகுக் குஞ்சைப் படம் எடுத்ததும்தான் அது திரும்பி வந்துவிட்டது என்று ஊர் நம்பியது. மறுபடியும் சரிந்து 1997ல் நாடு முழுக்க 11 ஆண் குருகுகளின் குரல்தான் கேட்டது. நாணல் காடுகளைச் சீர்செய்து நீர் மட்டத்தைப் பராமரித்ததில் இப்போது அந்த எண்ணிக்கை 200ஐத் தாண்டிவிட்டது.

கிரேன் என்னும் பெருங்கொக்கின் கதை இன்னும் நீளம். வேட்டையாலும் சதுப்பு வடிப்பாலும் பிரிட்டனில் சுமார் 400 ஆண்டுகள் இல்லாமலே இருந்தது. யாரும் கொண்டுவந்து விடாமல், 1979ல் தானாகவே வந்து இந்த ஏரிகளுக்குப் பக்கத்தில் தங்கிவிட்டது. கோணமூக்கு உள்ளானும் அப்படித் திரும்பியதே. இரண்டாம் உலகப் போரில் எதிரி இறங்கிவிடக் கூடாதென்று பக்கத்து சஃபோக் கவுண்டியின் கரையோர நிலங்களை நீரில் மூழ்கவிட்டார்கள். அந்த ஆழமில்லாத நீர் பறவைக்குப் பிடித்துப்போய் 1947ல் கூடு கட்டியது. இன்று கிளேயில் அதைப் பார்க்கத் தேட வேண்டியதில்லை.

கோடையின் நடுவிலேயே இலையுதிர்காலம்

குயிலை இங்கிலாந்தின் இளவேனில் பறவை என்று அந்த ஊரே கொண்டாடுகிறது. 2011ல் தெட்ஃபோர்டில் இயங்கும் பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளை, நார்ஃபோக்கில் 5 ஆண் குயில்களின் முதுகில் செயற்கைக்கோள் கருவியைக் கட்டிவிட்டது. ஏப்ரல் கடைசியில் வரும் குயில் ஜூனிலேயே கிளம்பிவிடுகிறது என்று தெரிந்தது. காங்கோ ஆற்றுப் படுகையின் காடுகளில்தான் அது குளிர்காலத்தைக் கழிக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலும் வழியிலுமே போய்விடுகிறது. ஸ்பெயின் வழியாகப் போகிற குயில்கள் இத்தாலி வழியாகப் போகிறவற்றைவிட அதிகம் இறக்கின்றன என்பதும் பின்னர் இந்த ஆய்விலேயே வெளிவந்தது. நாணல் கதிர்க்குருவியின் கூட்டில் வளர்ந்த குயில் குஞ்சு, பெற்றவர்கள் போய்ப் பல வாரம் கழித்து, அவர்களைப் பார்க்காமலே தனியாகக் காங்கோவுக்கு வழி கண்டுபிடிக்கிறது.

உள்ளான்களும் இப்படித்தான். பள்ளிக்கூடங்கள் கோடை விடுமுறையே விடாத ஜூன் கடைசியில், ஆர்க்டிக்கில் குஞ்சு பொரிக்கத் தவறிய பறவைகளும், குஞ்சைத் துணையிடம் விட்டுவிட்ட பறவைகளும் கிளேயின் சேற்றில் இறங்கத் தொடங்கும். வளர்ந்தவை முதலில், அந்த ஆண்டுப் பிள்ளைகள் ஆகஸ்ட், செப்டம்பரில். நம் கோடியக்கரையில் குளிர்காலத்தில் ஓடித் திரியும் கொசு உள்ளானின் இனத்தை அப்போது இங்கேயும் பார்க்கலாம். அதற்கு நார்ஃபோக் வடக்குமில்லை, தெற்குமில்லை, வழியில் ஒரு சாப்பாட்டு இடம்.

செப்டம்பர், அக்டோபரில் எல்லாம் காற்றின் கையில். வானம் தெளிவாக இருக்கும்போது ஸ்காண்டிநேவியாவிலிருந்து சிறு பறவைகள் இரவில் கிளம்பும். நடுக்கடலில் மழையும் மேகமும் சூழ்ந்து கீழைக்காற்றும் அடித்தால், விடியும்போது முதலில் தென்படும் நிலத்தில் வந்து விழாத குறையாக இறங்கும். நார்ஃபோக்கின் வடக்குக் கரையில் உள்ள பிளேக்னி முனையின் புதர்களும் ஹோல்கமின் பைன் மரங்களும் அப்படிப்பட்ட நிலம். தலையில் மஞ்சள் கோடிட்ட கோல்ட்க்ரெஸ்ட் 5, 6 கிராம்தான் இருக்கும். வட கடலைத் தாண்டி வந்த களைப்பில் மனிதக் காலடிக்குப் பக்கத்திலேயே புல்லில் பூச்சி தேடும். அப்போது இரண்டடி விலகி நின்று வழிவிடுங்கள், நெருங்கிப் படம் எடுக்க வேண்டாம். அதற்கு அந்தச் சில நிமிட இரை உயிர்.

மாறிக்கொண்டிருக்கும் பட்டியல்

ரஷ்ய ஆர்க்டிக்கிலிருந்து வரும் பியூயிக் அன்னங்கள் முன்பு வெல்னிக்குப் பெருங்கூட்டமாக வந்தன. இப்போது மிகவும் குறைந்துவிட்டன. அந்த இனமே சுருங்கியிருக்கிறது என்பது ஒரு காரணம். குளிர் தணிந்துவிட்டதால் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலுமே பல அன்னங்கள் நின்றுவிடுகின்றன என்பது இன்னொன்று. அவற்றுக்கு இப்போது தெற்கு பக்கத்திலேயே வந்துவிட்டது. மறுபுறம், நம் வயல்களில் நிற்கிற அதே சின்னக் கொக்கு பிரிட்டனில் முதன்முதலாகக் கூடு கட்டியதாகப் பதிவானது 1996ல். இன்று நார்ஃபோக் சதுப்புகளில் அது ஆண்டு முழுக்க நிற்கிறது. காட்டுப்புறா இனத்தைச் சேர்ந்த டர்ட்டில் டவ் 1970களிலிருந்து பிரிட்டனில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துவிட்டது. களைவிதைகள் இல்லாத வயல்களில் அதற்குத் தின்ன ஒன்றுமில்லை. அதன் குரலை இன்று கேட்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். இந்த இழப்பு தவிர்த்திருக்கக்கூடியது என்றே நான் நினைக்கிறேன்.

அந்தப் பக்கம் போக வாய்ப்பு இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே ஒரு பயணம்தான் முடியும் என்றால் அக்டோபர் கடைசியைத் தேர்ந்தெடுங்கள். வாத்துகள் வந்திருக்கும், நாட் இருக்கும், கடல் தாண்டி வருகிற சிறு பறவைகளும் நிற்காமல் வந்துகொண்டிருக்கும். கிளம்புமுன் கடல் ஏற்ற அட்டவணையைப் பாருங்கள். ஸ்னெட்டிஷாமில் நீர் மிக உயரமாக ஏறும் நாளில், உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கரையில் இருக்க வேண்டும், தாமதித்தால் பறவைகள் குளத்துக்குப் போயிருக்கும். மே முதல் ஜூலை வரை போனால் கூழாங்கல் கரையில் கயிறு கட்டிய இடங்களுக்குள் கால் வைக்காதீர்கள். சின்ன ஆலா கூடு கட்டுவதில்லை, கல்லுக்கு நடுவே கல் போலவே முட்டையிடும். மிதித்த பிறகுதான் தெரியும்.